செக்போஸ்ட் பதில்கள்: கோடு கிழித்த சரித்திராசிரியர்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, ‘தேவிகுளமும் பீர்மேடும் ஏன் கேரளப் பக்கமே நின்றன என்று தெரிய வேண்டுமா, சர்தார் கே.எம். பணிக்கரைப் படியுங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வாளையாரில் லாரி நிற்பதுபோல் கடிதங்கள் வரிசை கட்டிவிட்டன. பாதிக் கடிதங்கள் ‘யார் அந்தப் பணிக்கர்?’ என்று கேட்கின்றன. மீதிக் கடிதங்கள் அவரைத் திட்டுகின்றன. ஆகவே இந்த இதழில் வேறு எந்தச் சரக்கும் கிடையாது.

● கொழிஞ்சாம்பாறை பலசரக்குக் கடைக்காரர்: ஏனுங்க, யாருங்க இந்தப் பணிக்கர்? ரெண்டு வரில சொல்லுங்க. கடையில ஆள் நிக்குது.

ஆசியாவுக்கு ஐரோப்பியர் எப்படி வந்தார்கள், எப்படிப் பிடித்தார்கள், எப்படி விட்டுப் போனார்கள் என்று எழுதிய மலையாளி. பிறகு சுதந்திர இந்தியாவில் எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்று பிரித்துச் சொன்ன மூன்று பேரில் ஒருவர். ரெண்டு வரி ஆயிற்றுங்க. சர்க்கரையை நிறுத்துக் கொடுத்துவிட்டு மீதிக்கு வாங்க.

● குமுளி ஜீப் ஓட்டுநர்: அவர் எந்த வருஷம் பிறந்தார், அண்ணே?

1895 ஜூன் 3. ஊர், குட்டநாட்டில் காவாலம். அதே 1895 அக்டோபரில்தான் உங்கள் பக்கத்தில் முல்லைப் பெரியாறு அணையைத் திறந்தார்கள். மேற்கே ஓடிய ஆற்றை அணை கிழக்கே திருப்பியது. லண்டனிலிருந்தே பார்த்து எழுதப்பட்ட சரித்திரத்தைப் பணிக்கர் கிழக்கே திருப்பப் பார்த்தார். அணையில் கசிவு உண்டா இல்லையா என்று இரண்டு மாநிலமும் வாதாடிக்கொள்ளட்டும். பணிக்கரிடம் இருக்கும் கசிவை நான் கீழே சொல்கிறேன்.

● சித்தூர் கல்லூரி மாணவி: அவர் பேராசிரியரா, பத்திரிகைக்காரரா, அதிகாரியா? ஒவ்வொரு புத்தகத்தில் ஒவ்வொன்று போட்டிருக்கிறதே?

எல்லாமும்தான். சென்னைக் கிறித்துவக் கல்லூரி, அப்புறம் ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச். அங்கே வரலாற்றில் முதல் வகுப்பு. பாரிஸ்டர் படிப்பும் உண்டு. திரும்பி வந்து அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். கரும்பலகை போதவில்லை போலிருக்கிறது, பத்திரிகைக்குத் தாவினார். சென்னையில் பிரகாசம் நடத்திய ‘ஸ்வராஜ்யா’வில் இருந்தார். 1924இல் தில்லியில் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ தொடங்கியபோது அதன் ஆசிரியர். பிறகு சமஸ்தானங்களில் உத்தியோகம், பிகானேரில் திவான் வரைக்கும். சுதந்திரத்துக்குப் பின் சீனாவிலும் எகிப்திலும் பிரான்சிலும் தூதர். கடைசியில் மறுபடியும் பல்கலைக்கழகம், காஷ்மீரிலும் மைசூரிலும் துணைவேந்தர். இவ்வளவுக்கும் நடுவே புத்தகமாக எழுதித் தள்ளினார். நீங்கள் ஒரு அசைன்மென்டுக்கு மூன்று முறை கெடு கேட்டதாக உங்கள் தோழி தனிக் கடிதம் போட்டிருக்கிறார்.

● வடக்கஞ்சேரி ரப்பர் தோட்டக்காரர்: ராஜாக்களிடம் சம்பளம் வாங்கியவர் பேரரசை எதிர்த்து எழுதினாரா? இரட்டை வேஷமில்லையா?

வேஷம் என்பதைவிட இரண்டு மேடை என்று சொல்லலாம். வட்டமேசை மாநாட்டுக் காலத்தில் அவர் சமஸ்தானங்களின் பக்கம் உட்கார்ந்து பேசியது உண்மை. ஆனால் 1947இல் மற்ற ராஜாக்கள் மீசையை முறுக்கிக்கொண்டு தயங்கி நின்றபோது, அரசியல் நிர்ணய சபைக்கு முதலில் ஆள் அனுப்பிய சமஸ்தானங்களில் பிகானேரும் ஒன்று. அனுப்பப்பட்டவர் திவான் பணிக்கர். ராஜாவின் உப்பைத் தின்றே ராஜ்யத்தை இந்தியாவில் கரைத்தவர். இன்னொன்றும் உண்டு. பேரரசு சமையலறையில் எப்படி நடக்கிறது என்று உள்ளே பரிமாறியவனுக்குத்தான் தெரியும்.

● மீனாட்சிபுரம் பள்ளி ஆசிரியர்: அவருடைய பெயர் சொல்லும் புத்தகம் எது? மாணவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் எப்படிச் சொல்வது?

1953இல் லண்டனில் வெளியான ‘ஆசியாவும் மேற்கத்திய ஆதிக்கமும்’. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த 1498இல் தொடங்கி 1945இல் முடிகிற ஒரே கதையாக ஆசியாவை அவர் பார்த்தார். அந்த நானூற்றைம்பது வருஷத்துக்கு ‘வாஸ்கோடகாமா சகாப்தம்’ என்று பெயரும் வைத்தார்.

வகுப்பில் இப்படிச் சொல்லுங்கள்: ‘ஆசியாவில் பெரிய பெரிய தரைப்படைகள் இருந்தன. ஐரோப்பியரிடம் கப்பல் இருந்தது. கடலைப் பிடித்தவன் துறைமுகத்தைப் பிடித்தான். துறைமுகத்தைப் பிடித்தவன் வியாபாரத்தைப் பிடித்தான். வியாபாரத்தைப் பிடித்தவனிடம் கடைசியில் கஜானாச் சாவி போய்ச் சேர்ந்தது. கப்பல் வலு போனதும் சாவியும் போயிற்று.’ ஐந்து நிமிடம் கூட ஆகாது. மீதி நேரத்தில் ‘கடல் இல்லாத பாலக்காட்டுக்கு இது எதற்கு, சார்?’ என்று ஒரு பையன் கேட்பான். அவனுக்கு முழு மார்க் போடுங்கள். அந்தக் கேள்விதான் இந்த இதழின் கடைசிப் பக்கம் வரை நம்மைத் துரத்தப் போகிறது.

● வண்டன்மேடு ஏலக்காய் வியாபாரி: வாஸ்கோடகாமா எங்க சரக்கைத் தேடித்தானே வந்தான்?

முதலில் மிளகு, உங்கள் ஏலக்காய் கொசுறு. ஆனால் ஒன்று கவனியுங்கள். அன்று விலை சொல்லத் துப்பாக்கி கொண்டுவந்தான். இன்று புற்றடியிலும் போடியிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை சொல்கிறார்கள். ஏலத்தையே ஏலம் விடும் பாக்கியம் தமிழ் தெரிந்த வியாபாரிக்கு மட்டும்தான். பணிக்கர் இந்த மிளகுக் கதையைத்தான் முதலில் பிடித்தார். ‘மலபாரும் போர்த்துக்கீசியரும்’ 1929இல், ‘மலபாரும் டச்சுக்காரரும்’ 1931இல். ஆசியா முழுவதையும் அளக்கப் போனவர் வீட்டு வாசலிலிருந்துதான் நூலைப் பிடித்தார்.

● வண்டிப்பெரியாறு வாசகர்: பேரரசு, பேரரசு என்கிறீர்கள். அதற்கு ஒரு விளக்கம் சொல்ல முடியுமா?

உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் எழுதப்பட்ட பெரியாற்றுக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், கால அளவு 999 வருஷம். 999 வருஷத்துக்கு வாடகை பேசும் தைரியம் ஒருவனுக்கு வந்தால் அதற்குப் பெயர்தான் பேரரசு. எழுதி 61 வருஷத்தில் குடியிருந்தவன் மூட்டை கட்டினான். பத்திரம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1970இல் வாடகை 30 ரூபாயானது. பேரரசு போனாலும் அதன் பத்திரம் போகாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

● ஒற்றப்பாலம் நூலகர்: கே.எம். பணிக்கர், கே.என். பணிக்கர், காவாலம் நாராயணப் பணிக்கர். அலமாரியில் மூவரும் இடம் மாறிப் போகிறார்கள். எப்படிப் பிரிப்பது?

காவாலம் மாதவப் பணிக்கர், நம் கதாநாயகர். கப்பல், கடல், ஆசியா. காவாலம் நாராயணப் பணிக்கர் அதே ஊர், ஆனால் நாடகக்காரர். அவரை வரலாற்று அலமாரியில் வைத்தால் இரவில் சோபானம் பாடுவார். கே.என். பணிக்கர் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1836 முதல் 1921 வரை மலபாரில் நடந்த மாப்பிள்ளைக் குடியானவர் கிளர்ச்சிகளைப் பற்றி 1989இல் எழுதினார்.

வித்தியாசத்தை ஒரு வரியில் சொன்னால், கே.எம். கப்பல் தளத்திலிருந்து பார்த்தார், கே.என். வயல் வரப்பிலிருந்து பார்த்தார். கே.என். தொகுத்த விடுதலைப் போராட்ட ஆவணத் தொகுதியை 2000இல் அச்சகத்திலிருந்தே திரும்பப் பெற்றார்கள். சுமித் சர்க்காரின் தொகுதிக்கும் அதே கதி. சரித்திரம் எழுதுவது ஆபத்தில்லாத தொழில் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

● அகளி வாசகர்: பணிக்கர் சொன்னது அத்தனையும் சரியா?

வந்துவிட்டோம் கசிவுக்கு. 1498இல் காமா இறங்கினான், அன்றே ஆசியா விழுந்தது என்பதுபோல ஒரு தோற்றம் அவர் புத்தகத்தில் வரும். நடந்தது அப்படி அல்ல. காமாவுக்குப் பிறகுதான் முகலாயப் பேரரசே எழுந்தது. காமாவுக்கு நூறு வருஷம் கழித்து வந்த ஆங்கிலேயக் கம்பெனி ஜகாங்கீர் தர்பாரில் மனுவும் கையுமாகக் காத்து நின்றது. குஜராத்திகளும் மரக்காயர்களும் செட்டிகளும் கடலில் வியாபாரம் செய்துகொண்டேதான் இருந்தார்கள். சஞ்சய் சுப்ரமணியம் போன்ற பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் காமாவின் வாழ்க்கையையும் அவனைச் சுற்றிக் கட்டிய கதைகளையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள்.

ஆனால் பணிக்கர் எழுதிய காலத்தை மறக்கக் கூடாது. அதுவரை ‘கண்டுபிடித்தார்கள், வந்தார்கள், நாகரிகம் தந்தார்கள்’ என்று கப்பல்காரனே தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கரையில் நின்ற ஒருவர் அதை எடுத்து மாற்றிச் சொன்னபோது ஆசியா முழுக்க நிமிர்ந்து பார்த்தது. முதல் ரோடு வளைந்துதான் போகும். அப்புறம் வருகிறவன் அதை நேராக்குவான்.

● நெடுங்கண்டம் தேநீர்க் கடைக்காரர்: சீனாவில் தூதராக என்ன செய்தார்? போண்டா ஆறுவதற்குள் ஒரு கதை சொல்லுங்கள்.

1950 அக்டோபர் 2 கழிந்து நள்ளிரவு. பீகிங்கில் தூங்கிக்கொண்டிருந்த பணிக்கரை எழுப்பி, சீனப் பிரதமர் சூ என்லாய் கூப்பிடுகிறார் என்று அழைத்துப் போனார்கள். கொரியாவில் அமெரிக்கப் படை 38ஆவது அட்சக்கோட்டைத் தாண்டினால் சீனா சும்மா இராது, இதுதான் செய்தி. பணிக்கர் தில்லிக்குச் சொன்னார், தில்லி வாஷிங்டனுக்குச் சேர்த்தது. ‘பணிக்கரா? அவர் அந்தப் பக்கத்து ஆள்’ என்ற எண்ணத்தில் வாஷிங்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மாதமே சீனப் படை யாலு ஆற்றைத் தாண்டியது. ஒரு கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதை உலகம் கேட்கவில்லை. பின்னாளில் அவரே கோடு போட உட்கார்ந்தார். போண்டா ஆறியிருந்தால் நான் பொறுப்பல்ல.

● கொல்லங்கோடு ஓய்வுபெற்ற சிப்பாய்: எப்போதும் அவர் கணிப்பு சரிதானா?

இல்லை. அதே 1950இல் திபெத் விஷயத்தில் சீனாவின் சொல்லை அதிகம் நம்பிவிட்டார் என்ற குறை அவர்மேல் உண்டு. குறை சொன்னவர் சாதாரண ஆள் அல்ல, சர்தார் படேல். அந்த நவம்பரில் நேருவுக்கு எழுதிய கடிதத்திலேயே நம் தூதரின் போக்கை அவர் கடுமையாகக் கேட்டிருக்கிறார். மேற்கத்திய ஆதிக்கத்தை அத்தனை கூர்மையாகப் பார்த்த கண்ணுக்குக் கிழக்கத்திய ஆதிக்கம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. எந்தக் கண்ணாடிக்கும் ஒரு தூரம்தான் சரியாக வரும்.

● தேவிகுளம் வாசகர்: நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தாலுகாவை ஏன் விட்டுக் கொடுத்தார்கள்?

1953 டிசம்பரில் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது. பசல் அலி தலைவர், ஹிருதயநாத் குன்ஸ்ருவும் பணிக்கரும் உறுப்பினர்கள். வந்த மனுக்கள் 1,52,250. மூன்று பேரும் நாடு முழுக்கச் சுற்றி 1955 செப்டம்பர் 30இல் அறிக்கை கொடுத்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு.

சொன்ன காரணங்கள் இரண்டு. இந்த மலைகள் திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்துக்கு உயிர்நாடி என்பது ஒன்று. ஆறுகளின் தலை இங்கே, மின்சாரம் இங்கே, நெருக்கடியில் தவிக்கும் ஜனங்களுக்கு நிலம் இங்கே. அடுத்தது, இங்குள்ள தமிழரில் பெரும்பகுதி தோட்ட வேலைக்கு வந்து போகிற கூட்டம் என்பது. முதல் காரணத்தை எதிர்த்து வாதாடலாம், ஆனால் அது ஒரு வாதம். இரண்டாவது காரணத்தைப் படித்தால் இன்றைக்கும் நெஞ்சில் முள் தைக்கும். மன்றோ துரை பூஞ்ஞாறு ராஜாவிடம் இந்த மலையை எழுதி வாங்கியது 1877இல். அறிக்கை 1955இல். நடுவில் 78 வருஷம். ‘வந்து போகிற’ கூட்டம் அதற்குள் மூன்று தலைமுறையாகக் காட்டைத் திருத்தி, கொழுந்து கிள்ளி, இங்கேயே மண்ணாகவும் போயிருந்தது.

● மார்த்தாண்டத்திலிருந்து மூணாறுக்கு மருமகளாக வந்தவர்: அவர் மலையாளி. மலையாளிக்குச் சாதகமாகத்தானே கோடு போட்டார்? இதற்கு ஏன் இத்தனை சுற்று?

அக்கா, உங்கள் பிறந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது? தமிழ்நாட்டில். அதை அங்கே அனுப்பிய அறிக்கையில் அதே மலையாளியின் கையெழுத்தும் இருக்கிறது.

இன்னும் சொல்கிறேன். 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரைத் தோற்கடித்த குளச்சல், கல்குளம் தாலுகா. அந்த டச்சுக்காரரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர் பணிக்கர். திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய அரண்மனை இருக்கும் பத்மநாபபுரமும் அதே தாலுகா. தன் புத்தகத்தின் போர்க்களத்தையும் தன் ராஜாவின் வீட்டையும் அடுத்த மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்தவர் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் அது அவர் தானமும் அல்ல. நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் போராடியதால், 1954 ஆகஸ்ட் 11இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனதால் கிடைத்தது. தெற்கே தமிழரிடம் வயலும் வீடும் பட்டாவும் இருந்தன. மலையில் தமிழரிடம் லயத்தில் ஒரு அறையும் கம்பெனியின் பேர்ப் பதிவும்தான் இருந்தன. தமிழன், மலையாளி என்ற தராசில் மட்டும் எடை போட்டால் இந்த வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

● மறையூர் சர்க்கரை ஆலை நடத்துபவர்: மூன்று பேரும் ஒருமனதாகவா சொன்னார்கள்? பணிக்கர் மாற்றுக் கருத்து எழுதவில்லையா?

எழுதினார். ஆனால் நமக்காக அல்ல, உத்தரப் பிரதேசத்துக்காக. ‘இது ரொம்பப் பெரிசு, இரண்டாக வெட்ட வேண்டும்’ என்று தனிக் குறிப்பு வைத்தார். இந்தியாவின் சமநிலையே அந்த ஒரு மாநிலத்தின் கனத்தால் சாயும் என்பது அவர் கவலை. இன்று தொகுதி மறுவரையறை என்று பேச்சு வரும்போதெல்லாம் தெற்கே பலருக்கு அந்தக் குறிப்பு ஞாபகம் வருகிறது. தூரத்து யானையை அவர் சரியாகப் பார்த்தார். ஆனைமுடிக்குக் கீழே இருந்தவர்களைப் பார்த்தாரா என்பதுதான் நம் கேள்வி.

● பாலக்காடு கல்பாத்தி மாமி: எங்களை யாருமே கேட்கலையே! நாங்க எப்போ கேரளமானோம்?

மாமி, நீங்கள் 1792 வரை திப்பு சுல்தான் கணக்கு. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலபார் கம்பெனிக்குப் போனது. கொஞ்ச நாள் பம்பாய், 1800 முதல் சென்னை மாகாணம். 1956 நவம்பர் 1 முதல் கேரளம். இத்தனைக்கும் நீங்கள் கல்பாத்திப் புழைக்கரையை விட்டு நகரவே இல்லை, தேரும் நிற்கவில்லை.

சித்தூர்க்காரருக்கு இன்னும் வேடிக்கை. சுற்றிலும் பிரிட்டிஷ் சீமை, நடுவில் சித்தூர் மட்டும் கொச்சி ராஜ்யம். தேவிகுளமோ திருவிதாங்கூர். ஒரு ஆள் கோயம்புத்தூரிலிருந்து சித்தூர் போய், திரும்பிப் பொள்ளாச்சி வழியாக மறையூர் ஏறினால் மூன்று அரசாங்கத்தை மிதித்துவிடலாம். இப்போது இரண்டுதான். முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

● முதலமடை மாந்தோப்புக்காரரின் மகன்: சரித்திரம் படித்தால் வேலை கிடைக்குமா? அப்பா திட்டுகிறார்.

பணிக்கருக்கு வாத்தியார், ஆசிரியர், திவான், தூதர், துணைவேந்தர் என்று வரிசையாகக் கிடைத்தது. ஆனால் அப்போது அவருக்கு முன்னால் நின்ற க்யூ சின்னது. அப்பாவிடம் இதைச் சொல்லாமல் முதல் வாக்கியத்தை மட்டும் படித்துக் காட்டவும்.

● காந்தளூர் பூண்டு விவசாயி: அவர் மலையாளத்தில் எழுதினாரா, எல்லாம் இங்கிலீசுதானா?

மலையாளத்தில் நாவல், கவிதை, நாடகம், சுயசரிதை எல்லாம் உண்டு. பழசி ராஜாவை வைத்து ‘கேரள சிம்ஹம்’ என்று நாவல் எழுதினார். 1956இல் கேரள சாகித்திய அகாதமி தொடங்கியபோது முதல் தலைவரும் அவரே. உலகத்துக்கு இங்கிலீஷ், ஊருக்கு மலையாளம் என்று இரண்டு பேனா வைத்திருந்தார். நம் பேராசிரியர்கள் பலர் ஒரே பேனாவோடு நின்றுவிடுகிறார்கள், அதுவும் உலகத்துப் பேனா.

● வட்டவடை வாசகர்: அந்த ஆணையத்தால் எல்லையோரத் தமிழனுக்கு ஒரு நன்மையும் இல்லையா?

உண்டு. எங்கே கோடு போட்டாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் பேர் மாட்டிக்கொள்வார்கள் என்று ஆணையத்துக்குத் தெரிந்திருந்தது. மொழிச் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொன்னது. அதன் பலனாக 1956இல் அரசியல் சட்டத்தில் 350ஏ, 350பி என்று இரண்டு பிரிவுகள் நுழைந்தன. தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர மாநிலம் முயல வேண்டும் என்பது முதலாவது. அதைக் கண்காணிக்க மத்தியில் ஒரு சிறப்பு அதிகாரி என்பது இரண்டாவது. உங்கள் பேரனின் பள்ளியில் தமிழ் வாத்தியார் இடம் காலியாகக் கிடந்தால் சாலை மறியலுக்கு முன்னால் 350ஏ என்று எழுதி ஒரு மனு போடுங்கள். சட்டத்தின் எண் தெரிந்தவனுக்கு ஆபீசில் நாற்காலி கிடைக்கும்.

● சின்னக்கானல் மாணவர்: கண்ணன் தேவன் யார்? டீத்தூள் பாக்கெட்டில் பெயர் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இல்லையே?

துரைமார்கள் வருவதற்கு முன் அஞ்சுநாட்டுப் பக்கம் பெரிய தனக்காரராக இருந்தவர் என்று மலை சொல்கிறது. மலைக்கு அவர் பெயர் வந்தது, மலையிலிருந்து கம்பெனிக்குப் போனது, கம்பெனியிலிருந்து பாக்கெட்டுக்கு. பெயரை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவது பேரரசின் பழைய கைவேலை. பாக்கெட்டை வெட்டும்போது கொஞ்சம் மரியாதையாக வெட்டுங்கள், தம்பி.

● மூணாறு, கொழுந்தெடுக்கிற அக்கா: இவ்வளவு பெரிய சரித்திரம் எழுதினாரே, அதுல எங்க பாட்டி கதை இருக்கா?

இல்லை அக்கா.

பணிக்கரின் புத்தகத்தில் தேயிலை இருக்கிறது. கம்பெனிக்கு அது எத்தனை லாபம், சீனாவோடு அதற்காக என்ன சண்டை என்பதெல்லாம் இருக்கிறது. ஆனால் அவர் நின்று பார்த்த இடம் கடல். கப்பலிலிருந்து பார்த்தால் மலை நீலமாக மட்டும்தான் தெரியும். அதில் கூடை கட்டி நிற்கிற ஆள் தெரியாது. உங்கள் பாட்டி கிள்ளிய கொழுந்து தூளாகி, டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப்பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் துறைமுகம் போய்க் கப்பல் ஏறியது. கப்பல் ஏறிய பிறகுதான் அது சரித்திரமானது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் கங்காணியின் கணக்கு நோட்டோடு முடிந்துவிட்டது.

ஆணையத்தில் உட்கார்ந்தபோதும் அதே கண்தான் அவருக்கு வேலை செய்தது என்பது என் எண்ணம். ஓரவஞ்சனை என்று சொல்ல மாட்டேன். ஆறு தெரிந்தது, மின்சாரம் தெரிந்தது, நிலம் தெரிந்தது. ஆள் ‘வந்து போகிற’ ஆளாகத் தெரிந்தார். துரையின் பதிவேட்டிலும் அவர் அப்படித்தான் இருந்தார். பேரரசை அத்தனை வருஷம் எதிர்த்துப் படித்தவர், அதன் கணக்குப் புத்தகத்தின் ஒரு பத்தியை மட்டும் சரிபார்க்காமல் கூட்டிவிட்டார்.

● நெல்லியாம்பதி தோட்ட எழுத்தர்: அப்படியானால் அந்தக் கதையை யார் எழுதியது?

சரித்திராசிரியருக்கு முன்னால் ஒரு டாக்டர் எழுதினார். உங்களுக்குத் தெற்கே ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியம் பார்த்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’. இரா. முருகவேள் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆக்கினார். கல்விப் புலத்திலிருந்து கே. ரவி ராமன், தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளரையும் உலக மூலதனத்தையும் ஒரே கயிற்றில் கட்டி 2010இல் ஒரு நூல் கொண்டுவந்தார். கண்ணன் தேவன் மலை அதில் நடுநாயகம்.

2015 செப்டம்பரில் மூணாறு நடுரோட்டில் கொழுந்தெடுக்கும் பெண்களே உட்கார்ந்தார்கள். ‘பெண்பிள்ளை ஒருமை’. தொழிற்சங்கத் தலைவர்களை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு போனஸைக் கேட்டு வாங்கினார்கள். நூற்று முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மலை, கப்பலுக்குக் காத்திராமல் தானே பேசியது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் போனபோது, ‘வந்து போகிற’ கூட்டம் எங்கே போகிறது என்று நாடு பார்த்தது.

● வேலந்தாவளம் லாரி ஓட்டுநர்: பணிக்கர் கடைசி காலம்?

மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருக்கும்போதே 1963 டிசம்பர் 10இல் காலமானார். வகுப்பறையில் தொடங்கி, அரண்மனை, தூதரகம் எல்லாம் சுற்றி, வகுப்பறைக்கே வந்து இறங்கினார். உங்கள் ட்ரிப் ஷீட்டுபோலவே கணக்கு சரியாக முடிந்தது.

● பூப்பாறை பிளஸ் டூ மாணவி: நான் இந்த மலையின் சரித்திரத்தை எழுத வேண்டும் என்றால் எங்கே ஆரம்பிப்பது?

வீட்டுத் தகரப்பெட்டியில். தாத்தாவின் சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர், பாட்டி எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணியோடு எந்தப் பாதையில் ஏறினாள், முன்பணம் எவ்வளவு, லயத்தில் எத்தனையாவது வீடு. முதலில் இவற்றைத் தேதியோடு எழுதுங்கள். அப்புறம் பணிக்கரைப் படியுங்கள், திட்டுவதற்காக அல்ல. நம் வீட்டுப் பெட்டி உலகத்தின் எந்தக் கப்பலோடு கட்டப்பட்டிருக்கிறது என்று காட்ட அவரைப்போல் ஆள் குறைவு. கயிற்றின் அந்த முனை அவரிடம், இந்த முனை உங்களிடம்.

● போடிநாயக்கனூர் வாசகி: நான் இந்தப் பக்கம். வேலை அந்தப் பக்கம். தினமும் விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குகிறேன். நான் எந்த மாநிலம், அண்ணே?

அறிக்கைப்படி பார்த்தால் இந்தியாவிலேயே ‘வந்து போகிறவர்’ என்ற பெயர் சரியாகப் பொருந்துவது உங்களுக்குத்தான் அம்மா, தினமும் ஒரு தரம். அந்த 1,52,250 மனுவில் உங்கள் ஜீப் போட்ட மனு இருந்திருக்காது. கோடு எங்கே இருக்கிறது என்று ஆணையம் மாதக்கணக்கில் தேடியது. உங்கள் ஓட்டுநருக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற இடத்தில். அங்கே கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பனி அதிகம்.